முதல் எடைச் சேலை

முகைதீன் பிச்சை ராவுத்தர் வீட்டு மச்சுக்குக் கம்ப்யூட்டர் ஏறிய அன்றைக்கு எங்கள் கடைவீதியில் வியாபாரமே நடக்கவில்லை. எல்லாரும் ஜீப்பைச் சுற்றி நின்றோம். எண்பத்தெட்டாம் வருஷம், ஆடி மாசம். மலையிலிருந்து இறங்கிய சாரல் போடியை நனைத்துக்கொண்டிருந்தது. ராவுத்தர் மகன் உதுமான் தன் சட்டையைக் கழற்றிப் பெட்டியின் மேல் போர்த்திவிட்டு, வெறும் பனியனோடு நின்று கத்தினான்.

"மெதுவாப்பா, மெதுவா! புள்ளத்தாச்சியத் தூக்குற மாதிரித் தூக்குங்க!"

நான் என் கடையிலிருந்து புதுத் தார்ப்பாய் ஒன்றை எடுத்துக்கொண்டு ஓடினேன். விலைக்குத்தான். அவன் வாங்கவில்லை.

என் கடை ராவுத்தர் வீட்டுக்கு நேர் எதிரே. குடை, தார்ப்பாய், கயிறு, மழைக்காலத்தில் தோட்டத்துப் பெண்கள் தலையோடு போர்த்திக்கொண்டு ஏலக்காய் எடுக்கிற கொங்காணி, இவ்வளவுதான் சரக்கு. சுருளிவேல் கடை என்றால் சரக்கைவிட வாய் அதிகம் என்பார்கள். இருக்கட்டும். அந்த வீட்டுச் சங்கதி எனக்குத் தெரிந்த அளவுக்கு வேறு எவனுக்கும் தெரியாது. காலை மாலை எனக்கு அங்கிருந்துதான் டீ வரும். உதுமான் பெண்டாட்டி அமீருன்னிசா கம்பத்துப் பிள்ளை. என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவாள்.

மச்சு என்பது ஏலக்காய் மூட்டை அடுக்குகிற மாடி அறை. அதைக் காலி செய்து, வெள்ளையடித்து, நடுவில் மேஜை போட்டு மிஷினை வைத்தான் உதுமான். செருப்பை வாசலிலேயே கழற்ற வேண்டும். தூசி ஆகாதாம். ஆனால் சுவரில் ஊறிப்போன ஏலக்காய் வாசனையை என்ன செய்ய முடியும்? அந்த மிஷினே ஏலக்காய் மணத்தோடுதான் வேலை பார்த்தது.

எதற்கு இந்த மிஷின் என்று சொல்லிவிடுகிறேன். ஏல நாளில் மலைத்தோட்டக்காரர் சங்கத்துக் கூடத்தில் வியாபாரிகள் சுற்றி உட்காருவார்கள். ஒரு தோட்டக்காரர் கொண்டுவந்த காய் ஒரு லாட்டு; ஒவ்வொரு லாட்டுக்கும் மாதிரிக் காயைத் தட்டில் போட்டுச் சுற்றி விடுவார்கள். விலை கேட்பார்கள், ஏறி நின்ற விலைக்கு மேஜையைத் தட்டி முடிப்பார்கள். மத்தியானத்துக்குள் ஏலம் முடிந்துவிடும். ஆனால் எந்த லாட்டை யார் எடுத்தார், எடை என்ன என்று கையால் சீட்டு எழுதி முடிக்கப் பொழுது சாய்ந்துவிடும். அதுவரை லாரி நிற்கும், சுமை தூக்குகிறவர்கள் நிற்பார்கள், வடநாட்டு வியாபாரிகள் வண்டியை விட்டுவிட்டு நம்மூர்க் கொசுவிடம் கடி வாங்குவார்கள். மெட்ராஸில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு வந்த உதுமான், ஏலம் நடக்க நடக்கவே சீட்டை அடித்துத் தரப் புரோகிராம் எழுதுகிறேன் என்று சங்கத்தில் சொன்னான். செய்து காட்டு, பார்க்கலாம் என்றார்கள்.

ராவுத்தருக்கு மகன்மேல் பிரியம் உண்டு. மூட்டைமேல் அதைவிடக் கொஞ்சம் கூடுதல் பிரியம்.

"ஐப்பசிக் கடைசி ஏலம் வரைக்கும் பாப்பேன். மிஷினு சோலி பாத்தா பாக்கட்டும். இல்லேன்னா மச்சு மூட்டைக்கு, நீ சவூதித் தம்மாமுக்கு. மச்சினன் அனுப்புன விசா அலமாரியில கெடக்குல்ல?" என்றார்.

அந்த விசாதான் அமீருன்னிசாவின் வயிற்றில் நெருப்பு. அவளைப் பெற்ற அத்தாவும் வெளிநாட்டில் இருந்தவர். "எங்க அத்தாவ எனக்குப் போட்டோவுலதாண்ணே பழக்கம்" என்று ஒருநாள் என்னிடம் சொன்னாள். சொல்லும்போது ஐந்து மாத வயிற்றின்மேல் கை இருந்தது. "இந்தப் புள்ளைக்கும் அப்பிடி ஆயிரக் கூடாது. அந்த மிஷினு நின்னாத்தான் இவரு ஊருல நிப்பாரு."

உதுமான் மூன்று பேரைச் சேர்த்தான். முதல் ஆள் சிலமலைப் பொன்னுமணி. கணக்கில் டிகிரி, டவுன் பஸ்ஸில் வருவாள், வாய் மட்டும் பஸ்ஸுக்கு முன்னால் வந்துவிடும். இரண்டாவது வெள்ளைத்துரை, எங்கள் ஊர் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் வாத்தியார். பொட்டிபுரத்திலிருந்து ஓட்டைச் சைக்கிள் மிதித்து வருகிற மனுசன், விரல் சும்மா இருக்காது. மூன்றாவது ரேடியோ ரிப்பேர் பார்க்கிற கண்ணுச்சாமி. கேட்டால் ஒரு வார்த்தை சொல்வான், கேட்காவிட்டால் அதுவும் இல்லை. லாட்டை மிஷினில் ஏற்றுவது வெள்ளைத்துரை பகுதி, எந்த லாட்டு எந்த வியாபாரிக்கு என்று சேர்ப்பது பொன்னுமணி பகுதி, சீட்டு அடிப்பது கண்ணுச்சாமி பகுதி. மிஷின் ஒன்றுதான். ஒருவர் அடிக்கும்போது மற்றவர்கள் காகிதத்தில் எழுத வேண்டும்.

ஆரம்பத்தில் மச்சில் ஒரே சிரிப்பாணிதான். உதுமானுக்கு அது போதவில்லை. வேகம் வேண்டும் என்று நினைத்தான். அவன் அம்மா மரியம் பீவி, போடிமெட்டுக்குக் கீழே இருக்கிற தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிற மகராசி. அந்தத் தோட்டத்தில் ஒரு வழக்கம். காய் மும்முரமாக விழும் வாரத்தில் யார் அதிக எடை எடுக்கிறாளோ, அவளுக்கு முதல் எடைச் சேலை. பெண்கள் அந்த வாரம் பறந்து பறந்து எடுப்பதைச் சின்ன வயசிலிருந்து பார்த்தவன் உதுமான். அதையே மச்சுக்குக் கொண்டுவந்துவிட்டான். சுவரில் ஒரு கரும்பலகை மாட்டி மூன்று பேர் பெயரையும் எழுதினான்.

"தெனம் யாரு எத்தன வரி புரோகிராமு எழுதுறீகளோ, அதப் பலகையில போட்டுக்கிட்டு வருவேன். ஏலத்தன்னைக்கு யாரு வரி அதிகமோ, அவுகளுக்கு ஒரு டிவிஎஸ் பிப்டி!"

பொன்னுமணி எழுந்தே நின்றுவிட்டாளாம். "அண்ணே, நெசமாவா? நான் அதுல ஏறி டவுன் பஸ்ஸ முந்திக்கிட்டுப் போவேனே!" வெள்ளைத்துரை ஜன்னல் வழியாகக் கீழே நின்ற தன் சைக்கிளைப் பார்த்தார். மகன் சொன்ன சொல் சொன்னதுதான் என்று ராவுத்தர் வண்டியை அப்போதே வாங்கி, வாசல் நடையில் சாக்கைப் போட்டு மூடி வைத்தார்.

அன்றிலிருந்து மச்சில் சத்தம் அடங்கிவிட்டது. அமீருன்னிசாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "அடுப்படிக்கு மேலதாண்ணே மச்சு. ஒரு சத்தம் கேக்கல. என்னா மும்முரமா வேலை பாக்குறாக!" என்றாள். எனக்கு அது நல்லதாகப் படவில்லை. சந்தையில் சத்தம் இல்லை என்றால் வியாபாரம் இல்லை என்று அர்த்தம். சொன்னால் சுருளிவேலுக்கு வாய் என்பார்கள்.

டீ கொண்டுபோனால் மூன்று தம்ளரும் மூன்று மூலைக்குப் போயின. வெள்ளைத்துரை எழுதியதைப் பிளாப்பியில் ஏற்றி, அதைச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனார். பொன்னுமணி காகிதத்தைக் கையால் மறைத்துக்கொண்டு எழுதினாள். ஒருநாள் கண்ணுச்சாமி, "வியாபாரி நம்பர எத்தன எழுத்துல வெச்சிருக்க?" என்று அவளிடம் கேட்டான். அவன் வாயைத் திறந்ததே பெரிசு. அவள், "ஏலத்தன்னைக்குப் பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டாள். பலகையில் வரி மட்டும் ஏறிக்கொண்டே போனது. வெள்ளைத்துரைதான் முன்னால் இருந்தார்.

ஐப்பசி மூன்றாவது வாரத்தில் ஒத்திகை. ராவுத்தர் நாலைந்து வியாபாரிகளையும் தோட்டக்காரர் காசிமாயனையும் மச்சுக்குக் கூட்டிவந்து உட்கார வைத்தார். நானும் செருப்பைக் கழற்றிவிட்டுப் போய் ஓரமாக நின்றேன். விளையாட்டுக்கு ஏலம் விட்டார்கள். மூன்று பேர் பகுதியையும் உதுமான் ஒன்றாகச் சேர்த்து ஓடவிட்டான். பிரிண்டர் கிரீச் கிரீச்சென்று அலறியது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. முதல் சீட்டைக் கிழித்து வியாபாரி ஒருவர் இங்கிலீஷில் இருந்ததை வாசித்தார். விற்றவர் காசிமாயன். வாங்கியவர் காசிமாயன்.

"ஏம்ப்பா," என்றார் காசிமாயன். "எங்காய நானே விக்கிறேன், சரி. அத நானே ஏலத்துல எடுத்து, எனக்கு நானே பணங் கட்டணுமாக்கும்?"

மச்சே அதிர்ந்து சிரித்தது. அடுத்த சீட்டில் ராவுத்தர் காய் எதிராளி மண்டிக்குப் போயிருந்தது. ராவுத்தர் மட்டும் சிரிக்கவில்லை.

உதுமான் மூன்று பேரையும் பார்த்தான். "என்னாச்சு?"

"எம் பகுதி சரியாத்தான் ஓடுது," என்றார் வெள்ளைத்துரை.

"எம் பகுதியிலயும் தப்பில்ல," என்றாள் பொன்னுமணி.

கண்ணுச்சாமி, "வந்தத அடிச்சேன்," என்றான்.

அன்று சாயந்தரம் அமீருன்னிசா என் கடைக்கு வந்தாள். கண் சிவந்திருந்தது. "பெட்டி கட்டுற மாதிரி நல்ல கயிறா ஒண்ணு குடுங்கண்ணே" என்றாள். எந்தப் பெட்டி என்று நான் கேட்கவில்லை. நல்ல கயிறாகவே எடுத்துக் கொடுத்தேன். அந்த மூன்று பேரையும் குடைக்கம்பியால் சாத்தலாம் போலிருந்தது.

இரண்டு நாள் கழித்துத் தோட்டத்தில் சேலை நாள். மரியம் பீவிக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டதால், நீ வந்து சேலை கொடு என்று மகனுக்குச் சொல்லி அனுப்பியிருந்தாள். போன இடத்திலாவது மூன்று பேரும் மூஞ்சி பார்த்துப் பேசட்டும் என்று அமீருன்னிசா அவர்களையும் ஜீப்பில் ஏற்றிவிட்டாள். தேங்காய்ச்சோறும் கறியும் அண்டாவோடு ஏறியது. கொங்காணி விற்கலாம் என்று நானும் தொற்றிக்கொண்டேன். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் என் கட்டு சரிந்து வெள்ளைத்துரை மடியில் விழுந்தது. மனுசன் அதற்குக்கூடத் திட்டவில்லை. அப்படி ஒரு இறுக்கம்.

தோட்டத்தில் மூடுபனி. களத்தில் பால் இல்லாத கட்டஞ்சாயா கொதித்துக்கொண்டிருந்தது. பெண்கள் கொங்காணியிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்டக் கூடைகளை இறக்கினார்கள். எடை போட்டார்கள். அந்த வாரம் முழுக்கச் சேர்த்து அன்னக்கொடிதான் முதல். வருஷா வருஷம் அவளே. உதுமான் பச்சைச் சேலையைக் கொடுத்தான். குலவை போட்டார்கள்.

அதே நேரம் பக்கத்தில், வாரத்தின் முதல் நாள் எடுத்து ஸ்டோரில் உலர்த்திய காயைத் தேய்த்துப் புடைத்துக்கொண்டிருந்தார்கள். உதுமான் போய்ப் பார்த்தான். முறத்திலிருந்து பாதி பறந்தது. பச்சையில் எடை நின்ற பிஞ்செல்லாம் உலர்ந்து சருகாகிக் காற்றோடு போய்க்கொண்டிருந்தது. மேல்நிரைச் செடிகளைப் பார்த்தால் அடுத்த எடுப்புக்கு நிற்க வேண்டிய காயையும் சேர்த்து உருவியிருந்தது.

"ஏ அன்னக்கொடி! இம்புட்டுப் பிஞ்சையும் நீதான் பறிச்சியா?"

அன்னக்கொடி சேலையை மார்போடு அணைத்துக்கொண்டாள். பயமே இல்லை. "ஆமா மொதலாளி. எடைக்குச் சேலைன்னுதான் சொன்னீக? எடை இருந்துச்சா இல்லியா?"

"பிஞ்சு பறிக்கலாமா?"

"மத்த நாளுல எவ பறிப்பா? மத்த நாளு இவ நிரை மேடா இருந்தா நான் கைகொடுப்பேன், எங்கூடை நெறஞ்சா அவ தூக்குவா. சேலை வாரத்துல கைகொடுத்தா சேலை அவளுக்குல்ல போயிரும்?" என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் நின்றவளைப் பார்த்துக் கண்ணடித்தாள். "அடுத்த வருசம் ஊதாக் கலரு எடுங்க மொதலாளி. பச்சை எங்கிட்ட ரெண்டு இருக்கு."

முதலில் சிரித்தது பொன்னுமணி. சாதாரணச் சிரிப்பு இல்லை. குடித்த சாயா மூக்கில் ஏறி, இருமி, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "அண்ணே," என்று உதுமானைப் பார்த்து முறத்தைக் காட்டினாள். "நம்ம பலகைதாண்ணே! பறக்குது பாருங்க, எம் பகுதி!"

கண்ணுச்சாமியும் சிரித்தான். அவனுக்குப் பல் வரிசையாக இருப்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். உதுமான் முகம் முதலில் கறுத்தது. பிறகு அவனும் தலையில் கைவைத்துக்கொண்டு களத்திலேயே உட்கார்ந்து சிரித்தான். "அடப்பாவி மக்கா! எங்க வீட்டுத் தோட்டத்துல வருசா வருசம் நடக்குறத நான் மச்சுக்கும் கொண்டாந்துட்டேனே!"

சிரிக்காதவர் வெள்ளைத்துரை ஒருவர்தான். ஜீப் இறங்கும்போது உதுமான், "வரிப் போட்டி இன்னையோட முடிஞ்சது. நாளைக்குப் பலகையக் கழட்டிருவேன்" என்றதும் அவருக்குப் பொத்துக்கொண்டு வந்தது.

"அப்ப நான் எழுதுனதெல்லாம் பிஞ்சா? ஜெயிக்கப் போற நேரத்துல ஆட்டத்தக் கலைக்கிறீகளே, இது நாயமா பாய்? நீங்க சொன்னதத்தான நான் செஞ்சேன்?"

மலையடிவாரத்து முந்தலில் ஜீப் நின்றதும் வெள்ளைத்துரை இறங்கினார். பஸ்ஸில் போய்க்கொள்கிறேன் என்றார். மறுநாள் மச்சுக்கு வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. ஏலத்துக்கு ஒரு வாரம்கூட இல்லை.

பொன்னுமணி என் கடைக்கு வந்து நின்றாள். "அண்ணே, இன்ஸ்டிடியூட்டு வரைக்கும் கூட வாங்க. நான் தனியாப் போனா வாத்தியாரு மூஞ்சியத் திருப்பிக்குவாரு. உங்க வாய்க்குப் பயந்தாச்சும் உக்காருவாரு."

போனோம். டைப்ரைட்டர்கள் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தன. வெள்ளைத்துரை எங்களைப் பார்த்துவிட்டு ஒரு பிள்ளையின் விரலைத் திருத்துவதுபோல் குனிந்துகொண்டார். பொன்னுமணி அவர் மேஜைமேல் ஒரு கட்டுக் காகிதத்தைப் போட்டாள்.

"வாத்தியாரே, நீங்க விட்டுட்டுப் போன காகிதத்தப் படிச்சேன். கேக்காமத்தான் படிச்சேன். பேரத் தேடி எடுக்குறதுக்கு நீங்க ஒரு துண்டு எழுதிருக்கீகளே, சின்னதா? அத எங்க கத்துக்கிட்டீக?"

"எங்கயும் கத்துக்கல. யோசிச்சேன்."

"அதே வேலைக்கு நான் மூணு பக்கம் எழுதிருக்கேன். இந்தா பாருங்க." மூன்று பக்கத்தையும் அவர் முன்னாலேயே எடுத்து நாலாகக் கிழித்தாள். "உங்க துண்டு போதும். எம் பகுதியில அத வெச்சுக்கிடவா?"

வெள்ளைத்துரை கிழிந்த காகிதத்தைப் பார்த்தார். அந்த மூன்று பக்கத்துக்காக அவள் எத்தனை பகல் கையால் மறைத்து மறைத்து எழுதினாள் என்று அவருக்குத் தெரியும். கிழிசல்களைக் கூட்டி மேஜை ஓரத்தில் அடுக்கினார்.

"அது நல்ல துண்டுதான்," என்றார். பிறகு, "எம் பகுதியில பாதி வெறும் பிஞ்சு, தாயி. ஒரே விசயத்தத் திருப்பித் திருப்பி எழுதி வெச்சிருக்கேன். வா, எடுத்துப் போடுவோம்."

"நீங்க எத்தன எடுக்குறீகளோ, அதுக்கு மேல நான் எடுப்பேன்."

"எங்க, எடுத்துப் பாரேன்!"

அவர் சைக்கிளை உருட்ட, நாங்கள் இருவரும் நடக்க, கடைவீதி வந்து சேர்ந்தோம்.

அதற்குப் பிறகு மச்சு மச்சாக இல்லை, மாட்டுச்சந்தையாக இருந்தது. என் கடை வரைக்கும் கேட்கும். "ஏ, அது பிஞ்சு, தூக்கு!" "தூக்கிட்டா அங்கிட்டு இடிக்குமே!" "எங்க இடிக்குது? காட்டு!" "நம்பரு எத்தன எழுத்துன்னு அன்னைக்கே கேட்டேனே," இது கண்ணுச்சாமி. சண்டை, சிரிப்பு, மறுபடி சண்டை. உதுமான் ஒருவரை அடிக்கச் சொன்னால் இன்னொருவர் நாற்காலியிலிருந்து அவரை இடித்துத் தள்ளி உட்கார்ந்தார். கரும்பலகையைக் கழற்றி இரண்டு முக்காலிமேல் படுக்க வைத்து, அதன்மேல்தான் இடியாப்பமும் தேங்காய்ப்பாலும் வைத்துச் சாப்பிட்டார்கள். டீத் தம்ளர் யாருடையது என்று தெரியாமல் மாற்றி மாற்றிக் குடித்தார்கள். கண்ணுச்சாமி தொடர்ந்து இரண்டு வாக்கியம் பேசினான் என்று பொன்னுமணி எனக்குக் கைதட்டிச் சொன்னாள்.

ஏல நாள் காலையில் மழை பிடித்துக்கொண்டது. மிஷினை ஜீப்பில் ஏற்ற வேண்டும். நான் தார்ப்பாயை எடுத்துக்கொண்டு ஓடினேன். இந்தத் தடவை விலை பேசவில்லை. நடையில் அமீருன்னிசா நின்றுகொண்டிருந்தாள். கையில் என் கயிறு.

"இத வெச்சுக்கோங்கண்ணே. வேணாம்."

கயிறு சரியில்லையோ என்று நினைத்தேன். கேட்க நேரமில்லை. இடுப்பில் செருகிக்கொண்டு ஜீப்பில் ஏறினேன்.

சங்கத்துக் கூடம் நிரம்பி வழிந்தது. தட்டுகள் சுற்றின. வியாபாரிகள் காயைக் கையில் உருட்டி, முகர்ந்து, விலை சொன்னார்கள். வெள்ளைத்துரை விரல் பறந்தது. பொன்னுமணி பக்கத்தில் நின்று பெயரைக் கூப்பிட்டாள். கண்ணுச்சாமி பிரிண்டரைக் குழந்தையைத் தடவுவதுபோல் தடவிக்கொண்டு காகிதத்தை இழுத்துவிட்டான். லாட்டு தட்டிய சூட்டோடு சீட்டு வந்தது! விற்றவர் சரி, எடுத்தவர் சரி, எடை சரி. ஒரு வடநாட்டு வியாபாரி சீட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

அப்போதுதான் காசிமாயன் லாட்டு வந்தது. விலை அவர் நினைத்த அளவுக்கு ஏறவில்லை. மனுசன் எழுந்துவிட்டார்.

"கட்டாதுப்பா. எங்காய நான் எடுத்துக்கிட்டுப் போறேன்."

இது எந்த ஏலத்திலும் நடக்கிறதுதான். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. ஆனால் நாலு பேருக்கும் அது எழுதும்போது தோன்றவில்லை. லாட்டை எடுத்தவர் யார் என்று மிஷின் கேட்டது. எடுத்தவர் இல்லை. மிஷின் அடுத்த லாட்டுக்கு நகரமாட்டேன் என்று நின்றுவிட்டது.

கூடம் சலசலத்தது. ராவுத்தர் எழுந்து நின்றார். சங்கச் செயலாளர் உக்கிரபாண்டி, "டீக் குடிங்க எல்லாரும். டீ முடியிறதுக்குள்ள ஆகலேன்னா கையாலயே எழுதிக்குவோம்" என்றார்.

இப்போது எம் பகுதி, உம் பகுதி என்று ஆரம்பிப்பார்கள் என்று பயந்தேன். உதுமான் வியர்த்துப்போய், "தள்ளுங்க, நான் உக்கார்றேன்" என்று வந்தான்.

பொன்னுமணி அவனைத் தடுத்தாள். "அண்ணே, நாங்க பாத்துக்கிறோம். நீங்க செத்த அங்கிட்டுப் போயி டீ முடியாம இழுங்க."

உதுமான் ஒரு கணம் நின்றான். எழுதத் தெரிந்தவனுக்கு அந்த இடத்தில் விலகி நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று அவன் முகத்தில் தெரிந்தது. பிறகு திரும்பி வந்து என் கையைப் பிடித்தான். "அண்ணே, வாங்க. டீய இழுப்போம்."

இழுத்தோம். முதல் சுற்றில் டீ. இரண்டாம் சுற்றில் சர்க்கரை பத்தவில்லை என்று திரும்ப வாங்கி மறுபடி டீ. நான் ஓடிப்போய் வடை கொண்டுவந்தேன். உதுமான் உக்கிரபாண்டியிடம் அவர் மகள் கல்யாணத்தைப் பற்றிக் கேட்டான். மாப்பிள்ளை வீட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அந்த மனுசன் நிறுத்தமாட்டார். என் வாய் ஊருக்கு உபயோகப்பட்டது அன்றைக்குத்தான். தம்மாம் போய்வந்த ஆள் ஒருவரைப் பிடித்து ஒட்டகக் கதை சொல்ல வைத்தேன்.

அங்கே மூன்று பேரும் ஒரே நாற்காலியைச் சுற்றிக் குனிந்திருந்தார்கள்.

"வியாபாரி இல்லேன்னா சைபர் போடு."

"போட்டா சீட்டு அடிக்கையில இடிக்கும்."

"இடிக்காது, நான் பாத்துக்கிறேன், நீ போடு."

"வாத்தியாரே, உங்க தேடுற துண்டுக்கு முன்னாடி வைங்க!"

"வெச்சாச்சு. கண்ணு, ஓட்டு!"

கடைசி வடையைக் கடித்துக்கொண்டே உக்கிரபாண்டி எழுந்தார். பிரிண்டர் கிரீச்சென்றது. கண்ணுச்சாமி சீட்டைக் கிழித்து, நேராகக் காசிமாயனிடம் கொண்டுபோய்க் கொடுத்தான். "உங்க காயி, நீங்களே திருப்பி எடுத்தது" என்றான்.

காசிமாயன் சீட்டைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்துவிட்டு உரக்கச் சிரித்தார். "அன்னைக்கு எங்காய நானே வாங்குனேன்னு தப்பாச் சொன்னுச்சு. இன்னைக்கு நானே எடுத்துக்கிட்டேன்னு சரியாச் சொல்லுது! நடத்துங்கப்பா ஏலத்த!"

கூடம் கைதட்டியது. நான் விசிலே அடித்துவிட்டேன், இந்த வயசில். கடைசி லாட்டு தட்டும்போது முதல் லாரி புறப்பட்டுவிட்டது. உக்கிரபாண்டி ராவுத்தர் கையைப் பிடித்துக்கொண்டு, அடுத்த ஏலத்திலிருந்து இதுதான் சீட்டு என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். ராவுத்தர் மேல்துண்டால் மகன் முகத்தைத் துடைத்துவிட்டார். பெரிய மனுசனுக்குக் கண் கலங்கியதை நான் பார்த்தேன்.

வீடு திரும்பியதும் நடையில் கிடந்த சாக்கை ராவுத்தர் உருவினார். டிவிஎஸ் பிப்டி சிவப்பாக நின்றது. சாவியை நீட்டினார்.

"சொன்ன சொல்லு சொல்லுதான். பலகை கெடக்கட்டும். இப்ப ஓடுன புரோகிராமுல யாரு எழுதுனது அதிகம்?"

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். வெள்ளைத்துரைதான் பேசினார். "யாரு எழுதுனது எதுன்னு எங்களுக்கே இப்பத் தெரியல பெரிய பாய்."

"அப்பச் சாவிய யாருகிட்டக் குடுக்க?"

பொன்னுமணி சாவியை வாங்கி வெள்ளைத்துரை கையில் வைத்தாள். "இவரு வீடுதான் தூரம். சாயந்தரம் இவரு கொண்டுபோகட்டும், காலையில கொண்டாந்து நிப்பாட்டட்டும். பகல்ல யாருக்குச் சோலியோ அவுக எடுத்துக்குவோம். ஒரு நாளைக்கு எனக்கு அந்த டவுன் பஸ்ஸ மட்டும் முந்தணும்."

எல்லோரும் வண்டியைச் சுற்றிக் கூச்சல் போட்டுக்கொண்டிருந்தார்கள். உதுமான் மட்டும் விடுவிடுவென்று உள்ளே போனான். நான் வாசலில் நின்றேன். கட்டிலுக்குக் கீழிருந்து பெட்டியை இழுக்கிற சத்தம் கேட்டது. திறந்து பார்த்திருப்பான்.

"ஏ புள்ள, எங்க சட்டையெல்லாம்? பெட்டி காலியாக் கெடக்கு?"

"கொடியில கெடக்கு, பாருங்க மச்சான்," என்றாள் அமீருன்னிசா.

"இப்பத்தான வந்து சேந்தோம், ஜெயிச்சது உனக்கு எப்பிடித் தெரியும்?"

"ஜெயிச்சது இப்பத்தான் தெரியும். பெட்டிய நேத்துச் சாயந்தரமே பிரிச்சிட்டேன்." அவள் அடுப்படியிலிருந்து வெளியே வந்து மச்சைக் காட்டினாள். "மேல அந்தச் சண்டை போட்டீகளே, நானும் கீழ நின்னு கேட்டேன். எது யாரு கொரலுன்னு பிரிக்க முடியல. உங்க கொரலக்கூட என்னால பிரிக்க முடியல. இனிமே இவுகள விட்டுட்டு நீங்க எங்க போறதுன்னு கயித்த அண்ணங்கிட்டத் திருப்பிக் குடுத்துட்டேன்."

என் இடுப்பைத் தடவிப் பார்த்தேன். கயிறு அங்கேயேதான் இருந்தது.